புரூஜ் நகரில் எங்கே தங்குவது? முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உள்ள புரூஜ் நகரில் அறை தேடும்போது, விலையையும் நட்சத்திரத்தையும் பார்ப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊர் செழித்ததில் விடுதிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 13-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, ஹான்சா என்ற வணிகக் கூட்டணியின் ஜெர்மானிய நகரங்கள் என்று பல திசைகளிலிருந்தும் வணிகர்கள் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு விடுதிக்காரர் படுக்கை மட்டும் தரவில்லை. சரக்கை வைக்கக் கிடங்கு கொடுத்தார், வாங்குபவரோடு பேசித் தரகு முடித்தார், வணிகர் கடன் சொன்னால் ஜாமீன் நின்றார். அப்படிப்பட்ட ஒரு குடும்பம்தான் வான் டெர் பூர்ஸ. அவர்களுடைய விடுதிக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசியதால், ஐரோப்பாவின் பல நாடுகளில் பங்குச் சந்தைக்கே அந்தக் குடும்பத்தின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீடு ஃப்ளாமிங்ஸ்ட்ராட் தெருவில் இன்றும் நிற்கிறது. பக்கத்திலேயே ஜெனோவா வணிகர்கள் 1399-இல் கட்டிய மாளிகையும் இருக்கிறது.

ஆகவே இங்கே அறை எடுப்பது ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பழைய தொழில் உண்டு. அந்தத் தொழிலைத் தெரிந்துகொண்டால் அங்கே இரவு அமைதியாக இருக்குமா, தெரு அகலமா குறுகலா, வீடு பெரிதா சிறிதா என்பதெல்லாம் பெரும்பாலும் புரிந்துவிடும்.

படி 1: முதலில் வரைபடத்தைத் திறங்கள்

பழைய நகரம் முட்டை வடிவத்தில் இருக்கும். முட்டையின் ஓடுபோலச் சுற்றிலும் ஒரு கால்வாய். 1297-க்குப் பிறகு எழுந்த கோட்டைச் சுவர் நின்ற கோடு அதுதான். சுவர் போய்விட்டது. பழைய வாயில்களில் நான்கு மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சுவர் இருந்த இடத்தில் இன்று மரங்களும் நடைபாதையும்தான். நடுவில் மார்க்ட் சதுக்கம், அதில் 83 மீட்டர் உயர மணிக்கோபுரம். ரயில் நிலையம் தென்மேற்கில், முட்டைக்குச் சற்று வெளியே. நிலையத்திலிருந்து மார்க்டுக்கு நடந்தால் இருபது நிமிடம்.

இவ்வளவு பழைய நகரம் எப்படி இடிபடாமல் தப்பியது என்று கேட்பீர்கள். வறுமைதான் காப்பாற்றியது. 1134-இல் வந்த ஒரு புயல் கடலிலிருந்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே கப்பல் வந்தது, பணமும் வந்தது. பிறகு அந்த நீர்வழியில் மணல் படியத் தொடங்கியது. 1488-இல் ஊர்மக்கள், அப்போது ஃபிளாண்டர்ஸை ஆண்டுகொண்டிருந்த, பின்னாளில் புனித ரோமப் பேரரசராகப்போகும் மாக்சிமிலியனைப் பிடித்து, மார்க்ட் சதுக்கத்தின் க்ரானன்பர்க் வீட்டில் அடைத்துவைத்தார்கள். விடுதலையானதும் அவர் அயல்நாட்டு வணிகர்களை ஆன்ட்வெர்ப்புக்குப் போகச் சொன்னார். வணிகம் போனது. அடுத்த முந்நூறு ஆண்டுகள் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட ஊரில் பலருக்கு வசதி இல்லை. 2000-இல் யுனெஸ்கோ இதன் பழைய மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அதனால்தான் சாத்தியமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இடைக்காலம் என்று நாம் நினைத்துப் படம் எடுக்கும் முகப்புகளில் பல 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் புதுப்பித்தவை, அல்லது புதிதாகவே கட்டியவை. மார்க்டின் கிழக்குப் பக்கத்தில் உள்ள மாகாண மாளிகை அப்படிப்பட்டதுதான்.

படி 2: பகலில் வந்து திரும்பும் திட்டத்தைக் கைவிடுங்கள்

பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானே, காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று பலரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே பத்துத் தெருக்களில்தான் நடக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்தக் கூட்டம் ரயிலுக்கும் பேருந்துக்கும் கலைந்ததும்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். அதிகாலையும் அப்படித்தான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அதுவும் கால்வாய் வளையத்துக்கு உள்ளே. வேறு எதில் சிக்கனம் செய்தாலும் இதில் செய்ய வேண்டாம்.

படி 3: பேட்டையைத் தேர்ந்தெடுங்கள்

மார்க்ட், புர்க் சதுக்கங்களை ஒட்டித் தங்கினால் எல்லாமே வாசலில் இருக்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். மணிக்கோபுரத்தின் 47 மணிகள் கால்மணிக்கு ஒருமுறை இசைக்கும். குதிரை வண்டிகள் கற்தெருவில் ஓடும் ஓசை நாள் முழுக்கக் கேட்கும். புதன்கிழமை காலையில் மார்க்டில் சந்தை கூடும். ஒரே ஒரு இரவுதான் கிடைக்கிறது, நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் இங்கே எடுங்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் யான் வான் ஐக் சதுக்கம். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடங்களில் ஒன்று. இன்று சதுக்கமாக இருக்கும் இடம் ஒரு காலத்தில் நீர். இங்கே வந்த படகுகள் அப்படியே மார்க்ட் வரை போய், வாட்டர்ஹால என்ற கூரை போட்ட மண்டபத்துக்குள் நுழைந்து, மழை படாமல் சரக்கை இறக்கின. அந்த மண்டபத்தை 1787-இல் இடித்துவிட்டார்கள். சதுக்கத்தின் ஒரு பக்கத்தில் 1477-இல் கட்டிய சுங்க வீடு. எதிரே நகரப் பெருமக்கள் கூடிய மாளிகை. அதன் மூலையில் ஒரு மாடத்துக்குள் சின்னக் கரடிச் சிலை நிற்கும், நிமிர்ந்து தேடினால்தான் தென்படும். சுற்றியுள்ள தெருக்களுக்கு ஸ்பானியர் தெரு, ஆங்கிலேயர் தெரு என்றெல்லாம் பெயர். ஹான்சா வணிகர்களுக்கும் தனிச் சதுக்கம் உண்டு. வணிகர் வாழ்ந்த பகுதி என்பதால் வீடுகள் உயரம், அறைகளின் கூரையும் உயரம். நடுத்தரமான நல்ல ஹோட்டல்கள் இங்கே கிடைக்கும். மார்க்ட் அருகில் என்றாலும் இரவில் அந்தச் சத்தம் இங்கே எட்டாது.

இன்னும் கிழக்கே, கால்வாயைத் தாண்டினால் சின்ட் அன்னா. எனக்கு மிகவும் பிடித்த பேட்டை. முதல்முறை போகிறவர்களையும் இங்கேயே தங்கச் சொல்வேன். நெசவாளிகளும் சரிகைப் பின்னல் (லேஸ்) செய்த பெண்களும் வாழ்ந்த தாழ்வான சின்ன வீடுகள். 19-ஆம் நூற்றாண்டில் ஏழைப் பெண்களுக்குச் சோறு போட்ட தொழில் இந்தச் சரிகைப் பின்னல். பால்ஸ்ட்ராட் தெருவில் உள்ள சரிகை மையத்தில் அதை இன்றும் செய்துகாட்டுகிறார்கள். மடியில் திண்டு, அதில் குத்திய ஊசிகள், நூல் சுற்றிய மரக்கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை. கை ஓடும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. ஒரு விரற்கடை அகலம் பின்ன எவ்வளவு நேரம் ஆகிறது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தால், அந்தச் சின்ன வீடுகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

அதே இடத்தில்தான் ஜெருசலேம் தேவாலயம். ஜெனோவாவிலிருந்து வந்து குடியேறிய அடோர்னஸ் என்ற வணிகக் குடும்பம் 15-ஆம் நூற்றாண்டில், ஜெருசலேமின் திருக்கல்லறைக் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டியது. அன்செல்ம் அடோர்னஸ் ஸ்காட்லாந்தில் 1483-இல் கொல்லப்பட்டார். அவருடைய இதயத்தை மட்டும் கொண்டுவந்து இங்கே கல்லறையில் வைத்தார்கள். குடும்பத்தின் வாரிசுகள் கையில்தான் இந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. பேட்டையின் கிழக்கு எல்லையில், பழைய கோட்டை மேட்டின்மீது நான்கு காற்றாலைகள். அவற்றில் 1770-ஆம் ஆண்டின் சின்ட் யான்ஸ் ஆலை, கட்டிய இடத்திலேயே நிற்கிறது. மார்க்டிலிருந்து பதினைந்து நிமிட நடை. உணவகங்கள் குறைவு, அது ஒன்றுதான் குறை. சொந்த வீட்டின் ஓரிரு அறைகளை வாடகைக்கு விட்டுக் காலை உணவும் தரும் குடும்பங்களை இங்கே தேடுங்கள்.

தெற்கே மின்னவாட்டர் ஏரி, பெகெய்ன்ஹோஃப். 1245-இல் ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி மார்கரெட் நிறுவிய பெண்கள் குடியிருப்பு இது. துறவற சபதம் முழுமையாக ஏற்காமல், கூடி வாழ்ந்து உழைத்துச் சாப்பிட்ட பெண்களின் இடம். 1927 முதல் பெனடிக்ட் சபைக் கன்னியர் இருக்கிறார்கள். வெள்ளை வீடுகளைப் பகலில் போய்ப் பார்க்கலாம், மாலையில் வாயிலை மூடிவிடுவார்கள். நிலையத்துக்கு அருகில் இருப்பதால் பெட்டி இழுத்துக்கொண்டு போவது சுலபம். ஆனால் பகல் கூட்டம் ஊருக்குள் நுழையும் வழியும் இதுதான்.

மேற்கே ஸாண்ட் சதுக்கமும் ஸ்மேடன்ஸ்ட்ராட்டும் உள்ளூர் மக்கள் கடைக்குப் போகும் பகுதி. சனிக்கிழமை சந்தை உண்டு. விலை கொஞ்சம் குறையும். வடக்கே சின்ட் ஹில்லிஸ், ஓவியர் மெம்லிங் வாழ்ந்து 1494-இல் அடக்கமான பேட்டை. சின்ட் அன்னாவில் இடம் இல்லையென்றால் அடுத்ததாக இதைப் பாருங்கள்.

படி 4: வீட்டைப் பற்றிக் கேளுங்கள்

அறையின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீடு பழையது என்றால் மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பாதம் முழுதாகப் பதியாத அளவு ஒடுக்கமான படிகள், சில வீடுகளில் பிடித்துக்கொள்ளக் கயிறு. லிஃப்ட் வைக்கச் சட்டமும் இடமும் ஒத்துழைக்காத வீடுகள் நிறைய. நம் ஊர்போலவே அங்கும் தரைத்தளம் தனி, அதற்கு மேலேதான் முதல் மாடி. முதியவரோ கைக்குழந்தையோ வருவதாக இருந்தால், ‘தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, இல்லையென்றால் எத்தனை படி ஏற வேண்டும்’ என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பல பழைய வீடுகளில் ஏசி கிடையாது. கோடையில் ஓட்டுக்கூரைக்குக் கீழே உள்ள மேல்மாடி அறை சூடாக இருக்கும். அறை தெருப் பக்கமா, தோட்டப் பக்கமா என்றும் கேளுங்கள். தோட்டப் பக்கம் கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: தேதி

வெள்ளி, சனி இரவுகள் விலை கூடும். ஞாயிறு முதல் வியாழன் வரை என்று திட்டமிட்டால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும். இயேசு விண்ணேற்றத் திருநாளன்று திரு இரத்த ஊர்வலம் நடக்கும். பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அதற்காக இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்கும் இதே கதைதான்.

படி 6: பதிவும் போய்ச் சேர்வதும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் தங்குமிடச் சான்று வேண்டும். ஆகவே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய பதிவைத் தேர்ந்தெடுங்கள். நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி உண்டு. சில இடங்களில் அதைத் தனியாக அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். பதிவின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள்.

ரயில் பலகையில் ஊரின் பெயர் டச்சு மொழியில், Brugge என்று இருக்கும். ‘சின்ட் பீட்டர்ஸ்’ என்று பின்னொட்டு உள்ள சிறிய நிலையமும் இதே ஊரில் உண்டு. முதன்மை நிலையத்திலேயே இறங்குங்கள். காரில் போனால் நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தோ பேருந்திலோ போங்கள். உள்ளே ஒருவழித் தெருக்களும் 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடும்தான். தெருவெல்லாம் கல் பாவியது, சின்னச் சக்கரப் பெட்டி படாத பாடு படும். தோளில் மாட்டும் பை நல்லது.

குடும்பங்கள் நடத்தும் வீடுகளில் வரவேற்பு மேசை என்று ஒன்று இருக்காது. வீட்டுக்காரரே வந்து கதவைத் திறப்பார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள், ரயில் தாமதமானால் அதையும் சொல்லுங்கள். வந்து சேரும் நேரத்தைப் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறுக்குள் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் சௌகரியம். சாவி கையில் வந்ததும், அன்று மாலை எந்தக் கால்வாய் ஓரமாக நடக்கலாம், பக்கத்தில் எங்கே சாப்பிடலாம் என்று அவரிடமே கேளுங்கள்.