தாம்பரத்திலிருந்து வடபழனிக்கு பைக் இல்லாமல் வேலைக்குப் போக

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, சிக்னலில் வண்டியை அணைக்காமல் நிற்பதும் இதில் சேர்த்திதான். முதலில் வாரத்தில் ஒரு நாள் பைக்கை வீட்டில் விடுங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பரங்கிமலையில் இறங்கினால் அங்கேயே பச்சை வழித்தட மெட்ரோ, வடபழனிக்கு மாறாமல் போகலாம். பிடித்துவிட்டதா, ரயிலுக்கு மாத சீசன் எடுத்துவிடுங்கள், தினமும் கவுன்டரில் நிற்க வேண்டாம். அப்புறம் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை. பலரும் இங்கேதான் சோர்ந்துபோய் பைக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் சைக்கிள் போதும், கியர் எல்லாம் தேவையில்லை, நல்ல பூட்டும் மழைக்கு மட்கார்டும் இருக்கட்டும். பெண்களுக்கு சாதாரணக் கட்டணப் பேருந்து 2021 முதல் இலவசம், அதையும் கணக்கில் வையுங்கள்.