ஹாம் மாளிகைக்குச் செல்லுமுன் நதியின் நேரத்தையும் பாருங்கள்

லண்டனின் ரிச்மண்டுக்கு அருகே, தேம்ஸ் நதிக்கரையில் 1610-இல் கட்டப்பட்ட ஹாம் மாளிகையைக் காணச் செல்வோர், அது திறந்திருக்கும் நேரத்தோடு அன்றைய நதியின் ஏற்றவற்ற நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்தாலும், மாளிகையையும் தாண்டி நதியின் மேற்புறத்திலுள்ள டெடிங்டன் என்னும் ஊர் வரை தேம்ஸில் கடலோதம் ஏறி வருவதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கரையோரக் கார் நிறுத்துமிடத்திற்குள் தண்ணீர் புகுந்துவிடுவதுண்டு. காலையில் காய்ந்து கிடந்த இடத்தில், சுற்றிப் பார்த்துத் திரும்புவதற்குள் சக்கரம் நனைய நிற்கும் கார் ஒருவருக்கும் வேண்டாம். ரிச்மண்ட் ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் வருவதே நிம்மதி; நீர் வற்றியிருக்கும் வேளையெனில், கரையோரப் பாதையில் நடந்தே வாருங்கள், அந்த நடை அவ்வளவு அழகு.

பழைய துணிகளும் திரைச்சீலைகளும் வெளுத்துவிடாதிருக்க, உள் அறைகளில் வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஆகவே ஒவ்வோர் அறையிலும் கண் பழகும்வரை சற்று நின்று பாருங்கள். மங்கலாகத் தெரிந்த சுவரில் மெல்ல மெல்ல வேலைப்பாடு துலங்கும். கோடையில் சென்றால், கத்தரித்த பசுஞ்செடி வரப்புகளுக்குள் லாவெண்டர் பூத்திருக்கும் தோட்டத்திற்கென்றே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.