பழைய டோக்காய் அசூ: பார்த்து வாங்குவதும் சுவைப்பதும்

டோக்காய் அசூ என்பது ஹங்கேரியின் டோக்காய் பகுதியில் செய்யும் இனிப்பு ஒயின். அதில் பழையதை வாங்கும்போது முதலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். 1990-க்கு முந்தையவை பெரும்பாலும் அரசு நிறுவனத் தயாரிப்புகள். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் காற்றுப்பட முதிரவிட்டதால் வால்நட், உலர் அத்தி, ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) வாடை தூக்கலாக இருக்கும். பின்னால் வந்த தனியார் தயாரிப்புகளில் ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல், தேன் மணம்தான் முன்னே நிற்கும். எது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது புட்டோன்யோஷ் எண். பூஞ்சை பிடித்து வற்றிய திராட்சையை, 25 கிலோ அளவுள்ள கூடையால், 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை சேர்த்தார்கள் என்ற கணக்கு அது. பிறகு சர்க்கரை அளவாக மாறியது: எண் 3 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 60 கிராம், 4-க்கு 90, 5-க்கு 120, 6-க்கு 150. 2013 அறுவடை முதல் 3, 4 கிடையாது. பழைய லேபிளில் இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். எண் கூடினால் இனிப்பு கூடும், அவ்வளவுதான். ஒயினைப் பல பத்தாண்டு தாங்க வைப்பது ஃபுர்மிண்ட் திராட்சையின் புளிப்பு. அதனால் சுமாரான ஆண்டின் 6-ஐவிட 1972, 1993, 1999 போன்ற நல்ல ஆண்டுகளின் 5-ஐயே எடுப்போம்.

பெயரிலும் கவனம் தேவை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பினோ கிரீ ஒயினையும் ‘டோக்காய்’ என்று விற்றார்கள். 2007-இல்தான் அது நின்றது.

பாட்டில் நிறமற்ற கண்ணாடி என்பது வசதி. வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். செம்பழுப்பாக இருந்தாலும் பளிச்சென்று தெளிந்திருந்தால் நல்லது. மங்கிக் கலங்கியிருந்தால் வேண்டாம். அடியில் மின்னும் படிகங்கள் டார்டாரிக் உப்பு, கெடுதல் இல்லை. மட்டம் கழுத்தைவிட்டு இறங்கியிருந்தாலும், மூடியோரம் பிசுபிசுத்தாலும் தக்கை கசிந்திருக்கிறது. பழைய பாட்டிலில் புதுத் தக்கை இருப்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. தக்கை மாற்றுவது அந்த ஊரின் பழைய வழக்கம். யார், எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் இறங்கும். திருகாணி போட்டால் பழைய தக்கை பொடிந்துவிடும். இரண்டு தகடுள்ள பிடுங்கியே பாதுகாப்பு. பொடிந்தால் சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டலாம்.

12 டிகிரி சரியான குளிர்ச்சி. அதற்குக் கீழே மணம் அடங்கிவிடும், மேலே போனால் திகட்டும். வெள்ளை ஒயின் கிளாஸில் 60 மில்லி போதும். விழுங்கியபின் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். ஊறினால் ஒயின் உயிரோடு இருக்கிறது. பாகுபோல் அப்படியே தங்கினால் புளிப்பு போதவில்லை. லேசான வார்னிஷ் வாடை அசூவில் சகஜம், மூக்கில் எரிந்தால் கோளாறு. நனைந்த அட்டை வாடை வந்தால் தக்கை கெடுத்திருக்கிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் அது போகாது.

மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். நீலப் பாலாடைக்கட்டியோடு பிரமாதமாக இருக்கும். ஒயினைவிட இனிப்பான பண்டத்தோடு குடித்தால் புளிப்பு மட்டும்தான் தெரியும்.