ஈரக்காற்றில் பெடாட் ஃபிலிம்: மீட்டரை நம்பும் முன் இதைச் செய்யுங்கள்

மின்சாரம் கடத்தும் ஒரு வளையும் ஃபிலிமின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும், இதுதான் சீபெக் விளைவு. நாம் எடுக்கப்போவது பெடாட்:பிஎஸ்எஸ் என்ற பாலிமர். அடர்நீலமாக, பேனா மை மாதிரி இருக்கும்.

முதலில் 10 மி.லி. பெடாட் கரைசலில் அரை மி.லி. எதிலீன் கிளைக்கால் விட்டு அரை மணி நேரம் கலக்குங்கள். கையுறை கட்டாயம், கிளைக்கால் நச்சு. பிஎஸ்எஸ் மின்சாரத்தைக் கடத்தாத பகுதி. கிளைக்கால் அதைப் பெடாட்டிலிருந்து பிரித்து ஒதுக்குவதால், சென்டிமீட்டருக்கு 1 சீமன்ஸுக்கும் கீழே கிடந்த கடத்துதிறன் நல்ல ரகக் கரைசலில் சில நூறுக்கு ஏறிவிடும்.

அடுத்து ஷீட். நான் ஓஎச்பி ஷீட்டில் (புரொஜெக்டருக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) ஊற்றி 130 டிகிரியில் வைத்தேன், அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. சூடு தாங்கும் கேப்டான் என்ற பிளாஸ்டிக் ஷீட் வாங்குங்கள். அதிலும் கரைசல் சேம்பிலையில் விழுந்த தண்ணீராக முத்துமுத்தாக ஒதுங்கும், ஷீட்டை முதலில் யூவி ஓசோன் கருவியில் பத்து நிமிடம் வைத்தால் பரவும். ஊற்றி 130 டிகிரியில் 15 நிமிடம் காயவிடுங்கள். காய்ந்த ஃபிலிமை மறுபடி கிளைக்காலில் முக்கி எடுத்து உலர்த்தினால் மிச்ச பிஎஸ்எஸ்ஸிலும் கொஞ்சம் போகும்.

சரி, அளக்கலாம். இரு முனையிலும் சில்வர் பேஸ்ட் வைத்து, 10 டிகிரி வித்தியாசம் கொடுங்கள். டிகிரிக்கு 18 மைக்ரோவோல்ட் (இதுதான் சீபெக் மதிப்பு) என்றால் வருவது வெறும் 0.18 மில்லிவோல்ட், சாதா மல்டிமீட்டருக்கு இது எட்டாது, மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டர் வேண்டும். சீபெக் மதிப்பின் வர்க்கத்தைக் கடத்துதிறனால் பெருக்கினால் பவர் ஃபேக்டர், அதாவது ஃபிலிம் எவ்வளவு மின்திறன் தரும் என்பதன் அளவுகோல். டிகிரிக்கு 18 மைக்ரோவோல்ட், சென்டிமீட்டருக்கு 800 சீமன்ஸ் (மீட்டருக்கு 80,000) என்றால், மீட்டருக்கு, டிகிரியின் வர்க்கத்துக்குச் சுமார் 26 மைக்ரோவாட் வரும்.

இனிதான் நம்ம ஊர் சிக்கல். நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் உண்டு, ஆனி ஆடிச் சாரலில் உப்புப் பாத்திரமே கசியும். பிஎஸ்எஸ்ஸும் அதே மாதிரி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே புரோட்டான்கள் சூட்டுப் பக்கமிருந்து குளிர்ப் பக்கம் நகர்ந்து மின்னழுத்தத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். கண்டுபிடிக்க ஒரு வழி: வெப்ப வித்தியாசத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பாருங்கள். ஏறிய ரீடிங் மெல்ல மெல்ல இறங்கினால் அது ஈரம், நிலையாக நின்றால் அதுதான் உண்மையான மதிப்பு. இல்லையென்றால் ஃபிலிமை 110 டிகிரியில் காயவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள்ளேயே அளந்துவிடுங்கள். எனக்கு இது புரிவதற்குள் ஜூன் மாதம் முழுக்க எடுத்து நோட்டில் இரண்டு பக்கம் எழுதிய ரீடிங்கையெல்லாம் கோடு போட்டு அடிக்க வேண்டியதாயிற்று.