ஸ்மித்தின் உடைந்த திருகை வீட்டுத் தொட்டியில் செய்து பார்ப்பது எப்படி?

படகு மாடல் செய்கிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் மூன்று இறக்கை பிளாஸ்டிக் புரொப்பெல்லர் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். படகு ஓடும், அதில் குறை இல்லை. ஆனால் இறக்கை ஏன் அந்த வடிவத்துக்கு வந்தது என்பது கடைசிவரை பிடிபடாது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற நான் சொல்லும் வழி வேறு. புரொப்பெல்லருக்கு முன்னோடியாக 1836-ல் இருந்த, ஸ்க்ரூ போன்ற நீளத் திருகை முதலில் செய்யுங்கள். அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு பாதியைக் கழற்றுங்கள்.

லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டன் என்ற ஊரில் விவசாயம் பார்த்தவர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித். ஸ்பிரிங்கில் ஓடும் பொம்மைப் படகைக் குட்டையில் விட்டுப் பார்த்தவர், 1836 மே 31-ல் திருகுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆறு வாரம் கழித்து, ஜூலை 13-ல், ஸ்வீடன்காரரான ஜான் எரிக்சன் வேறொரு வடிவத்துக்கு வாங்கினார். இவர்களுக்கு முன்பே 1829-ல் திரியெஸ்த் (இன்றைய இத்தாலி) துறைமுகத்தில் யோசெப் ரெசல் என்ற வன அதிகாரி ‘சிவெத்தா’ என்ற படகைத் திருகால் ஓட்டிக் காட்டியிருக்கிறார். பாதி வழியில் நீராவிக் குழாய் விட்டுப்போக, சோதனை ஓட்டத்தையே போலீஸ் தடை செய்துவிட்டது. திருகு நன்றாகத்தான் வேலை செய்தது. குழாய் இணைப்பு காலை வாரியது.

ஸ்மித்தின் முதல் திருகு மரத்தால் ஆனது. இரண்டு முழுச் சுற்று. கட்டைக்குள் ஸ்க்ரூ இறங்குவதுபோல் தண்ணீருக்குள் இறங்கும், சுற்று கூடினால் பிடிப்பும் கூடும் என்பது அன்றைய கணக்கு. ஆறு டன் படகில் ஆறு குதிரைசக்தி எஞ்சினோடு பாடிங்டன் கால்வாயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, 1837 பிப்ரவரியில் திருகு எதிலோ இடித்துப் பாதி ஒடிந்துபோனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாகப் பாய்ந்தது. நாம் செய்யப்போவது இந்தச் சம்பவத்தைத்தான்.

படகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்சலில் வரும் கெட்டித் தெர்மாகோல் போதும். 45 செ.மீ. நீளம், முன்பக்கம் கூர்மை. நடுவில் நீளவாக்கில் 3 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைச் செருகி அடியில் நீட்டி விடுங்கள். அதன் பின்பகுதியில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள், திருகு அதற்குள் சுற்றும். அதற்கும் பின்னால் சுக்கான். ஸ்மித் திருகை வைத்ததும் இந்த இடத்தில்தான். எரிக்சன் தன் வடிவமான தகடு வைத்த சக்கரத்தைச் சுக்கானுக்கு வெளியே வைத்தார்.

அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்கைவிட நல்லது கிடையாது. 2 மி.மீ. கனம், நேராக இருக்கும், ஒரு முனையில் மரையும் நிப்பிளும் தயாராக வரும். வளைந்த தலையை வெட்டி எறிந்துவிடுங்கள். ஸ்போக் லேசாக நுழையும் பித்தளைக் குழாயைப் படகுக்குள் சாய்வாகப் பதித்து எம்-சீல் வையுங்கள். குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், உள்ளே கிரீஸ் நிரப்ப வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. பெரிய கப்பல்களில் இந்த இடம் பல வருடம் தலைவலியாக இருந்தது. பித்தளைத் தாங்கிகள் தேய்ந்து தண்ணீர் ஒழுகியது. 1854-ல் ஜான் பென் என்பவர் லிக்னம் வைட்டே என்ற இரும்பு போன்ற மரத்தைப் பட்டைகளாக வைத்து, கடல்நீரையே மசகாக விட்டு அதைத் தீர்த்தார்.

குழாயின் வெளிமுனைக்குப் பின்னால் ஸ்போக்கில் ஒரு சின்ன வாஷரைச் சால்டர் வைத்துப் பிடியுங்கள். வாஷருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பாசிமணி. திருகு தள்ளும் தள்ளு முழுக்க அந்த மணி வழியாகத்தான் படகுக்குப் போய்ச் சேரும். மணி இல்லாவிட்டால் வாஷர் குழாயை அரைத்துவிடும்.

இனி திருகு. இதில் அவசரப்பட வேண்டாம்.

எண்ணெய் டின் தகடு எடுங்கள். குறுக்களவு 40 மி.மீ., நடுத்தண்டு 8 மி.மீ., பிட்ச் 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. முன்னேற்றம். வட்டத்தை அப்படியே வெட்டி இழுத்தால் தண்டில் உட்காராது, ஓரம் சுருங்கும். காரணம், சாய்வாக ஏறும்போது வெளி விளிம்பின் நீளமும் உள் விளிம்பின் நீளமும் வெவ்வேறு அளவில் கூடுகின்றன. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு 132 மி.மீ., உள் விளிம்பு 47 மி.மீ. அதற்குச் சரியாக வரும் தகடு இதுதான்: வெளி ஆரம் 25, உள் ஆரம் 9 மி.மீ. உள்ள வளையம் வரைந்து, அதில் 57 பாகை அளவுள்ள துண்டை வெட்டி எறியுங்கள். மிச்சமுள்ள 303 பாகைதான் ஒரு முழுச் சுற்று. இரண்டு வெட்டு முனைகளையும் இரண்டு குறடுகளால் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக மெல்ல இழுங்கள். சரியாக வெட்டியிருந்தால் தகடு தானாகவே தண்டைக் கவ்விக்கொள்ளும். இப்படி மூன்று செய்யுங்கள்.

தண்டுக்கு உருண்டைப் பென்சில். பிளேடால் இணைப்புக் கோட்டில் கீறினால் இரண்டாகப் பிளக்கும். கரிக்குச்சியை எடுத்துவிட்டுப் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி மறுபடி ஒட்டினால் ஸ்போக் நுழையும் துளை தயார். மேலே காகிதம் சுற்றி 8 மி.மீ. ஆக்குங்கள். இரண்டு தண்டு 40 மி.மீ. நீளம், ஒன்று 20 மி.மீ. இரண்டு நீளத் தண்டிலும் ஆளுக்கொரு முழுச் சுற்றை அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். மூன்றாவது சுற்றைச் சரிபாதியாக வெட்டி, இரண்டு பாதிகளையும் குட்டைத் தண்டில் எதிரெதிராக ஒட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட் பெயின்ட்.

ஒரு விஷயம் கவனம். சாதாரண போல்ட்டை நிமிர்த்திப் பிடித்தால் மரை வலப்பக்கம் ஏறும். நம் திருகு இடப்பக்கம் ஏற வேண்டும். பின்னாலிருந்து பார்க்கையில் அச்சும் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் நிப்பிள் ஓட ஓட இறுகும். மாற்றி வைத்தால் நிப்பிளும் திருகும் தொட்டியின் அடியில் கிடக்கும்.

மோட்டார் சாதாரண பொம்மை மோட்டார், இரண்டு பென்டார்ச் செல். அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுவதால் ரப்பர் பெல்ட்டும் பெரிய சக்கரமும் வைத்துக் குறைக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்களுக்குப் பிரச்சினை நேர்தலைகீழ். பொறியாளர் புரூனெல் 1843-ல் தண்ணீரில் இறக்கிய ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலில் எஞ்சின் நிமிடத்துக்கு 18 சுற்றுதான். சங்கிலி போட்டு அதை 53 ஆக்கித்தான் பதினைந்தரை அடி புரொப்பெல்லரைச் சுற்றினார்கள்.

இப்போது சோதனை. முதலில் இரண்டு முழுச் சுற்றுத் துண்டுகளையும் அடுத்தடுத்து மாட்டி, தகடு தொடர்ச்சியாக வரும்படி திருப்பி, நிப்பிளை இறுக்குங்கள். தொட்டியின் மேல் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு நூல் கட்டி, போனில் வீடியோ எடுங்கள். பெல்ட் சக்கரத்தில் வெள்ளை டேப் ஒட்டினால் சுற்றையும் எண்ணிவிடலாம். மல்டிமீட்டர் இருந்தால் கரண்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்துண்டைக் கழற்றி, அந்த நீளத்துக்கு வெறும் பென்சிலை மாட்டி மறுபடி விடுங்கள்.

மோட்டார் சத்தமே மாறும். முக்கல் போய் மெலிந்த கீச்சுக் குரலாகும். படகு நகரும் விதத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, “தாத்தா, பாதியைக் கழட்டினா பலம் குறையத்தானே வேணும்?” என்று கேட்டாள். “முதல் சுத்து தண்ணியை ஏற்கெனவே பின்னால தள்ளிடுச்சும்மா. ரெண்டாவது சுத்துக்குத் தள்ள என்ன மிச்சம்? சும்மா உரசிக்கிட்டு வருது” என்றேன். ஓடுகிற தண்ணீரை அதே வேகத்தில் துரத்துகிற தகடு தள்ளுவது கொஞ்சம். ஆனால் தகட்டின் இரண்டு முகத்திலும் உராய்வு முழுசாக உண்டு. அந்தச் செலவை மோட்டார்தான் கட்டுகிறது.

அப்புறம் மூன்றாவது திருகு, எதிரெதிரே இரண்டு அரைச்சுற்று. தகட்டின் பரப்பு ஒற்றைச் சுற்றுக்குச் சமம், நீளம் மட்டும் பாதி. 1838-ல் இறக்கிய ‘ஆர்க்கிமிடீஸ்’ கப்பலிலும் முதலில் ஒற்றைச் சுற்று வைத்து, பிறகு இந்த வடிவத்துக்குத்தான் மாறினார்கள். ஒற்றைச் சுற்றில் படகின் வால் லேசாக அதிருவதையும் இதில் அந்த அதிர்வு அடங்குவதையும் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். எதிரெதிரே இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதால் வரும் நன்மை அது. கடையில் விற்கும் புரொப்பெல்லர் இந்த வடிவத்தின் பேரன்.

பிட்ச் கணக்குப்படி போக வேண்டியதைவிடப் படகு எவ்வளவு குறைவாகப் போகிறது என்பதுதான் நழுவல். அதைக் கணக்கிடுவது சுலபம். உதாரணத்துக்கு, நொடிக்கு 10 சுற்று என்றால் பிட்ச் கணக்குப்படி படகு 400 மி.மீ. போக வேண்டும். 2 மீட்டரை 7 நொடியில் கடந்தால் உண்மையில் போனது நொடிக்கு 286 மி.மீ. அதாவது சுமார் 29 சதவீதம் நழுவல். ஆனால் நழுவலை மட்டும் வைத்து எந்தத் திருகு உசத்தி என்று முடிவு கட்டாதீர்கள். நீளத் திருகில் நழுவல் குறைவாகக்கூட வரலாம், மோட்டார் திணறுவதால் வேகம் வராது. கரண்ட்டையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

எரிக்சன் வடிவத்துக்கு ஆசை இருந்தால், டின் தகட்டில் 26 மி.மீ. வளையம் செய்து வெளியே ஆறு சாய்ந்த தகடுகளைப் பற்றவைத்து, உள்ளே இரண்டு ஆரக்கால் போட்டு மாட்டுங்கள். 1837-ல் தேம்ஸில் அவர் ஓட்டிய படகில் இப்படி இரண்டு சக்கரம், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். வீட்டில் அதற்கு மெனக்கெட வேண்டாம். அவரே பிற்பாடு அமெரிக்காவில் ‘பிரின்ஸ்டன்’ போர்க்கப்பலுக்கு ஒற்றைச் சக்கரம்தான் வைத்தார்.

கடைசியாகக் கயிறு இழுப்பு. 1845 ஏப்ரலில் திருகு வைத்த ‘ராட்லர்’ கப்பலையும் துடுப்புச் சக்கரம் வைத்த ‘அலெக்டோ’வையும் பின்னோடு பின் கட்டி இழுக்கவிட்டார்கள். ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. பார்க்க ஜோர்தான், ஆனால் அன்று ராட்லரின் எஞ்சின் கொடுத்த சக்தியும் அதிகம். துடுப்புச் சக்கரம் வைத்து இன்னொரு படகு செய்து இழுக்கவிட்டால் உங்கள் தொட்டியிலும் இதே வம்பு வரும். இரண்டு படகுக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து புது செல் போடுங்கள், ஒரு சுற்று முடிந்ததும் மோட்டார்களை இடம் மாற்றி மறுபடி இழுக்கவிடுங்கள். முடிந்ததும் ஸ்போக்கை உருவித் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்துவிடுங்கள்.