கெனன் ஆர்50, சோனி இசட்வி-இ10: காசு கட்டுமுன் இரண்டையும் ஒப்பிடும் முறை

கலியாண வீட்டுப் படமும் எடுக்கவேண்டும், யூடியூப்பும் தொடங்கவேண்டும், கையில் இருப்பதோ கொஞ்சக் காசு. இப்படிச் சொல்லிக்கொண்டு கொழும்பில் எந்தக் கமராக் கடைக்குப் போனாலும், மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

விவரப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. இரண்டும் 24.2 மெகாபிக்சல், இரண்டும் ஏபிஎஸ்-சி சென்சர், இரண்டும் ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் பண்ணும். இரண்டின் உடலிலும் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. எனக்கு வாங்கியபோதும், பிறகு தெரிந்தவர்களுக்கு வாங்கக் கூடப் போனபோதும், முடிவைத் தந்தவை இரண்டு விஷயங்கள்: கடை மேசையில் வைத்துச் செய்த சோதனை, இரண்டாவது லென்ஸின் விலை. அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே நீட்டி எழுதியிருக்கிறேன். அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயரை முழுதாக வாசியுங்கள்

ஆர்50 வெளிவந்தது 2023 பெப்ரவரியில். 2025இல் வந்த ஆர்50 வி வேறு கமரா, அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. இசட்வி-இ10 2021இல் வந்தது. 2024இல் வந்த இசட்வி-இ10 II புதிய சென்சரும் பெரிய பற்றரியும் கொண்டது, விலையும் வேறு. போனில் விலை கேட்கும்போது "ஆர்50 எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் எதன் விலையைச் சொல்கிறார்கள் என்று தெரியாது. பெட்டியின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: கடைக்குக் கொண்டுபோக வேண்டியவை

வெறுமையான எஸ்டி காட் இரண்டு, கமராவுக்கு ஒன்றாக. ஒரே காட்டை இரண்டிலும் மாற்றிப் போட்டால் சோனி "இமேஜ் டேட்டாபேஸ்" பற்றி ஏதோ கேட்கும், பதறத் தேவையில்லை. ஆனால் வீடியோ முறையை மாற்றும்போது காட்டை ஃபோர்மட் பண்ணவும் சொல்லும், அங்கேதான் படங்கள் போய்விடும். இரண்டு கமராவின் காட் துளையும் யூஎச்எஸ்-ஒன்று வகை. "வேகமான காட்" என்று யூஎச்எஸ்-இரண்டைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வி30 போட்ட 64 ஜிபி காட் தாராளம்.

கிழமை நாளில் முற்பகலில் போங்கள். சனிக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டிக் கடைகளில் ஆறுதலாக நின்று சோதனை செய்ய யாரும் விடமாட்டார்கள். "அண்ணா, வாங்கத்தான் வந்திருக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்க்கலாமா?" என்று முதலே சொல்லிவிட்டால் பெரும்பாலும் விடுவார்கள். விடாத கடையில் வாங்காதீர்கள்.

படி 3: ஒரே அமைப்பில் ஒரே படம்

பலர் சறுக்குவது இந்தப் படியில். இரண்டையும் ஓட்டோவில் வைத்து ஆளுக்கு ஒரு படம் எடுத்து, பின் திரையில் பார்த்து "இதுதான் வடிவாக இருக்கு" என்று முடிவெடுப்பார்கள். அந்த ஒப்பீட்டில் ஒன்றுமே ஒப்பிடப்படவில்லை. திரைகளின் வெளிச்சம் வேறு, நிறம் வேறு, லென்ஸின் அகலம் வேறு, இரண்டும் தெரிவு செய்த ஐஎஸ்ஓவும் வேறு. கடை மேசையில் கிடக்கும் கமராவில் முன்னே வந்தவர் என்ன நோண்டிவிட்டுப் போனார் என்பதும் தெரியாது.

ஆகவே முதலில் இரண்டையும் ரீசெட் பண்ணச் சொல்லுங்கள். பிறகு இரண்டிலும் எம் (M, மெனுவல்) முறை, எஃப்/5.6, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 3200. ஷட்டர் 1/100க்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், கடையின் குழல் விளக்கும் மலிவான எல்ஈடியும் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். 1/125, 1/160 என்று போனால் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது வெளிச்சமாகவும் வரும், பழி கமராவில் விழும். சத்தமில்லாத முறையையும் அணைத்துவிடுங்கள், எல்ஈடி வெளிச்சத்தில் அது கோடு கோடாகப் படம் தரும்.

வைட் பலன்ஸ் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். கெனனில் ஓட்டோ லைட்டிங் ஒப்டிமைசர், சோனியில் டி-ரேஞ்ச் ஒப்டிமைசர், இரண்டும் நிழலைத் தாமாகவே வெளிச்சமாக்கும் வேலைகள். இவற்றை அணைக்காமல் எடுத்தால் நீங்கள் ஒப்பிடுவது சென்சரை அல்ல, அந்த மென்பொருளை.

அடுத்து அகலம். கெனனோடு வரும் லென்ஸ் 18-45 மிமீ, சோனியோடு வருவது 16-50 மிமீ. கெனனின் ஏபிஎஸ்-சி சென்சர் கொஞ்சம் சிறியது, அதற்கு 1.6ஆல் பெருக்கவேண்டும், சோனிக்கு 1.5ஆல். அப்படிப் பார்த்தால் கெனனின் அகலமான முனை ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்) கமராவில் கிட்டத்தட்ட 29 மிமீக்குச் சமம், சோனியினது 24. வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் ஹோலில் பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் குடும்பத்தை முழுதாக எடுக்க முதுகு சுவரில் முட்டும்போது இந்த 5 மிமீ வித்தியாசம் தெரியும். சோதனைக்காகச் சோனியைச் சற்று சூம் பண்ணி, பின்னாலுள்ள ராக்கையின் இரண்டு ஓரமும் இரண்டு கமராவிலும் ஒரே இடத்தில் வரச் செய்யுங்கள். இப்போது எடுங்கள். ஆளின் முகம் ஒன்று, கறுப்புத் துணி ஒன்று, சிறிய எழுத்துள்ள பெட்டி ஒன்று.

படங்களைக் கமராத் திரையில் பார்க்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே கணினியில் 100 சதவீதத்தில் பாருங்கள். நான் பார்த்தவரை, இந்தச் சுற்றில் பெரிய வித்தியாசம் வராது. வராமல் இருப்பதுதான் பதில்: சென்சரை வைத்துச் சண்டைபிடிப்பது வீண்.

வித்தியாசம் வருவது இரண்டாவது சுற்றில். இரண்டையும் அகலமான முனையில், முழுதாகத் திறந்த அப்பெர்ச்சரில், ஓட்டோ ஐஎஸ்ஓவில் வைத்து எடுங்கள். சோனி லென்ஸ் எஃப்/3.5 வரை திறக்கும், கெனன் எஃப்/4.5 வரைதான். ஒரே வெளிச்சத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில், சோனி ஐஎஸ்ஓ 2000 கேட்டால் கெனன் 3200 அளவில் கேட்கும். கோயில் உள்மண்டபத்தில் இது புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் இது கமராவின் குறை அல்ல, கூட வந்த லென்ஸின் குறை. படி 5க்கு இதை நினைவில் வைத்திருங்கள்.

படி 4: வாசலுக்கு வாருங்கள்

கடைக்காரர் கூடவர, இரண்டையும் காலி வீதி வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஆர்50இல் வியூஃபைண்டர் இருக்கிறது, இசட்வி-இ10இல் இல்லை. நடுப்பகலில் காலிமுகத்திடலில் நின்று திரையைப் பார்த்துப் படமெடுப்பது எப்படியிருக்கும் என்று இந்த வாசலிலேயே தெரிந்துவிடும். ஆடிவேல் ஊர்வலம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றை வெளியில் நின்று எடுக்கப் போகிறவருக்கு நான் சோனியைச் சொல்லவே மாட்டேன்.

வீடியோவுக்கு வந்தால் நிலைமை மாறும். சோனியில் ஹெட்ஃபோன் துளை உண்டு, ஆர்50இல் இல்லை. சோனியின் உள்மைக்குக்குக் காற்றுச் சத்தம் தடுக்கும் பஞ்சு பெட்டியிலேயே வரும். ஆர்50 ஒரே தொடராக ஒரு மணித்தியாலம்வரைதான் பதியும். டியூஷன் வகுப்பு, அரங்கேற்றம் எல்லாம் பதியப் போகிறீர்கள் என்றால் சோனிதான். ஆனால் இரண்டு அமைப்புகளை மாற்றாமல் அதை மதிப்பிடாதீர்கள். ஒன்று, வீடியோ முறையை பால் (PAL, செக்கனுக்கு 25 பிரேம் பதியும் முறை) ஆக்குங்கள். 4கே 30இல் அது படத்தின் ஓரங்களை வெட்டும், பால் முறையின் 25இல் முழு அகலமும் வரும். மற்றது, தானாக அணையும் வெப்ப அளவை "ஹை" ஆக்குங்கள், இல்லாவிட்டால் நம்மூர் வெக்கையில் பாதியில் நின்றுவிடும்.

நடந்துகொண்டு வீடியோ எடுக்க இரண்டும் சரிவராது. உங்கள் போன் அதைவிட நன்றாகச் செய்யும்.

படி 5: இரண்டு பெட்டிகளின் முழு விலை

இரண்டு கொப்பிப் பக்கங்களில் எழுதுங்கள்: கமராவும் அதோடு வரும் கிட் லென்ஸும், இரண்டாவது பற்றரி, காட், ஃபிளாஷ், அப்பெர்ச்சர் அகலமாகத் திறக்கும் வெளிச்சமான லென்ஸ் ஒன்று. காசாகக் கொடுத்தால் ஒரு விலை, கிரெடிட் காட்டில் கொடுத்தால் ஒரு விலை என்பார்கள், இரண்டையும் கேட்டு எழுதுங்கள். ஏஜென்ட் வாரண்டியா கடை வாரண்டியா என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

ஃபிளாஷ் வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்50இல் சிறிய ஃபிளாஷ் உள்ளேயே உண்டு, சோனியில் இல்லை. ஆனால் வெளி ஃபிளாஷ் என்று வந்தால் தலைகீழ். சோனியின் மேல்தட்டில் வெளி ஃபிளாஷை இயக்கும் சாதாரண ட்ரிகர் நேரே பொருந்தும். ஆர்50இன் மேல்தட்டில் பழைய வகைத் தொடுமுனைகளே இல்லை, ஏடி-இ1 என்ற அடப்டர் வேண்டும். நண்பரின் ஃபிளாஷை வாங்கிப் போடலாம் என்று நினைத்திருந்தால் இதன் விலையையும் கூட்டுங்கள்.

லென்ஸ் வரியில் என் விருப்பம் சிக்மா 30 மிமீ எஃப்/1.4. சோனிக்கு அது பல வருடமாகக் கிடைக்கிறது, பாவித்ததும் ஐக்மன் விளம்பரத் தளத்தில் வரும். ஆர்50இல் லென்ஸ் பூட்டும் கெனன் ஆர்எஃப் மவுண்டுக்குச் சிக்மா லென்ஸ்கள் 2024இல்தான் வரத்தொடங்கின, எனவே பாவித்தது அகப்படுவது அருமை. மறுபுறம், கொழும்பு ஸ்டூடியோக்கள் கழித்துவிடும் பழைய கெனன் ஈஎஃப் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும், ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடப்டர் போட்டால் ஓட்டோ ஃபோகஸோடு ஆர்50இல் வேலை செய்யும். வீட்டில் பழைய கெனன் டிஎஸ்எல்ஆர் ஒன்று கிடந்தால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

பாவித்த லென்ஸ் என்றால் போன் டோர்ச்சைப் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். கமராப் பையில் வைத்து அலுமாரிக்குள் பூட்டுவதுதான் கொழும்பில் லென்ஸைக் கெடுக்கும் நிச்சயமான வழி.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: சோனி ஒன்று மிக மலிவாக வருகிறது, எடுக்கலாமா? மெனுவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும், மாற்ற வழி வைக்கப்படவில்லை. அங்கிருந்து வரும் பாவித்த கமராக்களில் இதை அடிக்கடி காணலாம். வெளியில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மெனுவைத் திறந்து, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.