ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தாண்டி பூர்வகுடி ஊருக்குப் போக: குமரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடிகளுக்கு நினைத்த நேரத்தில் வண்டியை விட்டுக்கொண்டு போக முடியாது. வனத்துறை செக்போஸ்டில் சொல்ல வேண்டும், குடிக்குப் போனால் முதலில் மூட்டுக்காணி என்கிற குடித்தலைவரைப் பார்க்க வேண்டும். இந்த மரியாதை தெரிந்தவருக்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் பூர்வகுடி ஊர்களுக்குப் போகும் முறை பாதி தெரியும். மீதிப் பாதி தண்ணீர், டயர், தூரம். நாலு பக்கமும் குளமும் சானலும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பாதிதான் கஷ்டம். அந்தப் பாலைவனத்தின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது சராசரியாக 280 மில்லிமீட்டர் மழைதான்.

பிள்ளைகள் அங்கே நர்ஸாகவோ என்ஜினியராகவோ இருந்து, பார்க்கப் போகிற பெற்றோர், "அப்படியே ஒரு பூர்வகுடி ஊரையும் பார்த்துட்டு வந்திருவோம்" என்று கடைசி வாரத்தில் கேட்பதுதான் முதல் தவறு. அனுமதிக்கு நாள் பிடிக்கும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிற வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டப்படி பெரும் பரப்பு பூர்வகுடிகளின் சொந்த நிலம். அதன் தெற்குப் பாதிக்கு அனுமதி கொடுப்பது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இருக்கும் சென்ட்ரல் லேண்ட் கவுன்சில். நிலத்தைக் கடந்து போக ஒரு வகை அனுமதி, ஊருக்குள் போய்த் தங்க வேறு வகை. கடந்து போகிற அனுமதியை வைத்துக்கொண்டு ஊருக்குள் வண்டியைத் திருப்பக் கூடாது. விண்ணப்பத்தில் வண்டியில் வரும் எல்லோருடைய பெயர், வண்டி எண், தேதி, போகும் பாதை, போவதற்கான காரணம் எல்லாம் கேட்பார்கள். "சும்மா பார்க்க" என்று எழுதினால் கிடைப்பது கடினம். அந்த ஊரில் வேலை பார்ப்பவரோ ஓவிய மையமோ அழைத்திருந்தால் அதை எழுதுங்கள். கவுன்சில் அந்த நிலத்தின் உடைமையாளர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதோடு முடிந்தது. வீட்டுக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால் நாம் காரணம் கேட்டு நிற்போமா?

இந்த அனுமதி மாநில எல்லையோடு நின்றுவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏ.பி.ஒய். என்று சுருக்கிச் சொல்லும் பூர்வகுடி நிலங்களுக்கு 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி விண்ணப்பம், மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போகிற கிரேட் சென்ட்ரல் ரோட்டுக்கு இன்னொன்று. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நேரம் நம் நேரத்துக்கு 4 மணி முந்தியது. நாகர்கோவிலில் நாம் சாயா குடித்து முடிப்பதற்குள் அங்கே மதியம் ஆகிவிடும். போனுக்குக் காத்திராமல் மின்னஞ்சலில் கேட்பது நல்லது.

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் யோசனை ஹெர்மன்ஸ்பர்க், அரெர்ண்டே மொழியில் ந்தாரியா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர், முழுக்கத் தார் ரோடு. 1877-இல் லுத்தரன் மிஷனரிகள் தொடங்கிய பழைய மிஷன் கட்டடங்களைப் பார்க்கத் தனி அனுமதி வேண்டாம். ஓவியர் ஆல்பர்ட் நமாட்ஜிரா 1902-இல் பிறந்த ஊர் இது. மயிலாடி, நாகர்கோவில் சபைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனி ஈர்ப்பு உண்டு: ஜெர்மன் கீர்த்தனைகளை அரெர்ண்டே மொழியில் பாடுகிற பெண்கள் பாடகர் குழு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இங்கிருந்து கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகும் மெரீனி லூப் என்ற மண் ரோட்டுக்கு ஒரு பாஸ் தேவை. அதை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே வாங்கிக்கொள்ளலாம். வழியில் கூடாரம் போடக் கூடாது.

அடுத்த கட்டம் யுவெண்டுமு. வார்ல்பிரி மக்களின் ஊர், வடமேற்கே டானமை ரோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகிற தூரம். ஆனால் நடுவில் திருநெல்வேலியும் கோவில்பட்டியும் சாத்தூரும் கிடையாது. 1985 முதல் இயங்கும் வார்லுகுர்லாங்கு ஓவிய மையத்துக்கு முன்கூட்டியே எழுதி, வருகிற நாளைச் சொல்லி, அனுமதி நிலவரத்தையும் அவர்களிடமே கேளுங்கள். வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும்.

போகிற காலம் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை 40 டிகிரியைத் தாண்டும். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ராத்திரி பூஜ்யத்துக்கும் கீழே போகும். நம் ஊர் ஸ்வெட்டர் போதாது.

பெட்டியில் வைக்கும் சாப்பாட்டுச் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, கருவாடு, நல்லமிளகு, கறிவேப்பிலை, எதுவாக இருந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் உண்டு என்று எழுதிவிடுங்கள். எழுதிய பொருளைப் பிடுங்கினால் பொருளோடு போகும், எழுதாத பொருளுக்கு அபராதம் வரும். பிரஷர், சுகர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வையுங்கள். ஊர்க் கிளினிக் அவசரத்துக்கு மட்டும். பெரிய ஆபத்து என்றால் ராயல் ஃபிளையிங் டாக்டர் விமானம்தான் வர வேண்டும். வண்டி ஓட்டப்போகிறவர் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. வழியாகச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷம் செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

வாடகை வண்டி ஒப்பந்தத்தில் மண் ரோட்டில் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சாதாரண காருக்குப் பெரும்பாலும் இருக்காது, மண் ரோட்டில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். உயரமான ஃபோர் வீல் டிரைவ், இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கும் கம்ப்ரசர், ஜாக்கி மணலில் புதையாமல் அடியில் வைக்க ஒரு பலகை, இவை வேண்டும். தார் ரோட்டில் 36 பி.எஸ்.ஐ. இருந்தால் சரளையில் 26-28, இளமணலில் 18-20 வரை இறக்குங்கள். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கிழியும். தாருக்கு ஏறியதும் திரும்ப அடியுங்கள். மண் ரோட்டில் வரிவரியாக விழுந்திருக்கும் மேடுகள், நட்டு போல்ட்டையெல்லாம் கழற்றும். தினம் காலையில் வீல் நட்டைச் சாவி போட்டுப் பாருங்கள். 50 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் டிரெயின் லாரி எதிரே வந்தால் ஓரங்கட்டி நின்று, தூசி அடங்கிய பிறகு எடுங்கள். மாலை மங்கினதும் ஓட்டாதீர்கள். கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் அப்போதுதான் ரோட்டுக்கு வரும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர், அதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு. ஒரே கேனில் ஊற்றாமல் பலதில் பிரித்து வையுங்கள், ஒன்று ஓட்டையானாலும் மற்றது இருக்கும். பெருவாரியான இடத்தில் போன் எடுக்காது. சேட்டிலைட் போனோ பி.எல்.பி. என்கிற அவசரச் சமிக்ஞைக் கருவியோ வாடகைக்கு எடுங்கள். எந்த வழி, எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. தேடி வரும் விமானத்துக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியாது. பாலைவனத்தில் செத்தவர்களில் பலர் வண்டியை விட்டு நடந்தவர்கள்.

எரிபொருளில் ஒரு விசேஷம். பல ஊர்களில் சாதாரண பெட்ரோலுக்குப் பதிலாக ஓப்பல் என்ற பெட்ரோல்தான் விற்பார்கள். பிள்ளைகள் பெட்ரோலை முகர்ந்து போதையேற்றிச் சீரழிவதைத் தடுக்க 2005-இல் வந்தது. முகர்ந்தாலும் ஏறாது, வண்டிக்கும் கெடுதல் இல்லை. அதனால் கேனில் வெளிப் பெட்ரோல் கொண்டுபோகாதீர்கள், டீசல் வண்டியாக எடுத்தால் தொல்லையே இல்லை. டூட்டி ஃப்ரீயில் மருமகனுக்கு வாங்கிய பாட்டிலையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த ஊர்களில் பெரும்பாலானவை மது விலக்கு இடங்கள். டிக்கியில் மூடி திறக்காமல் இருந்தாலும் குற்றம், வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

ஊருக்குள் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம். தெருவெல்லாம் பிள்ளைகளும் நாய்களும். நேராக ஓவிய மையத்துக்கோ அலுவலகத்துக்கோ போய் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டாதீர்கள். தள்ளி நின்றால் அவர்களே வருவார்கள். முழங்கால், தோள் மறைகிற உடுப்பு. முகத்தையே உற்றுப் பார்த்துப் பேச வேண்டாம். பேச்சுக்கு நடுவே நீண்ட மௌனம் வந்தால் அதை நிரப்ப வேண்டாம். கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "முன்னால ரோடு நல்லாத்தான இருக்கு?" என்றால் மரியாதைக்கு ஆமாம் என்றே பதில் வரும். "நேத்து அந்த வழியா யார் வந்தா, என்ன வண்டியில வந்தாங்க?" என்று கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

உறவுமுறை நமக்கு எளிதில் பிடிபடும். அம்மாவின் அக்கா தங்கையும் அங்கே அம்மாதான், நம் பெரியம்மா சித்தி மாதிரி. வார்ல்பிரி மக்களுக்கு 8 பிரிவுகள். அண்ணன் ஜம்பிஜின்பா என்றால் தங்கை நம்பிஜின்பா. ஒரே பிரிவில் ஆணின் பெயர் 'ஜ'வில் தொடங்கும், பெண்ணின் பெயர் 'ந'வில் தொடங்கும். யாரை யார் கட்டலாம் என்பது இதில்தான் தெரியும். மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மருமகனுக்குப் பதில் சொன்ன பழைய மாமியார்களை விடவும் கறார். ஒரு அம்மா திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் அது உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. அதே பெயர் உள்ள உயிரோடிருப்பவரையும் 'குமுஞ்சாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லாத ஆச்சிமார் இருந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துட்டி விழுந்தால், அவர்கள் 'சாரி பிசினஸ்' என்பது, வாரக்கணக்கில் ஊர் மூடும். அனுமதி கையில் இருந்தாலும் போகக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் போட்டுக் கேட்பது இதற்காகத்தான்.

மனிதர்களையோ சடங்கையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ரோட்டை விட்டு விலகி மலைப்பக்கம் நடக்காதீர்கள், ஆணுக்கு மட்டும் பெண்ணுக்கு மட்டும் என்று புனித இடங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்காதீர்கள், சர்க்கரை நோய் அங்கே பெரிய பிரச்சினை. பணமோ லிஃப்டோ கேட்டு யாராவது வரலாம், அதற்கு 'ஹம்பக்' என்று பெயர். முடியாது என்றால் முடியாது என்று தன்மையாகச் சொன்னால் போதும், யாரும் தப்பாக எடுப்பதில்லை.

ஓவியம் வாங்கினால் மையத்திலேயே வாங்குங்கள். வரைந்தவர் பெயர், ஊர், கதை எழுதிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். துணி ஓவியத்தை வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டிக் குழாயில் போட்டால் வண்ணம் வெடிக்காது. ரசீதைக் கைப்பையில் வையுங்கள், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.